பட்டன் வாங்கப் போன ஊரில் ஒரு நீளவால் பறவை

நாள் 1, ஜியாஷான்

ஷாங்காய் ஹோங்சியாவ் நிலையத்தில் ரயில் ஏறி, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்று முடிப்பதற்குள் ஜியாஷான் தெற்கு வந்துவிட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பட்டன், ஜிப், லேபிள் சப்ளை செய்வது என் பிழைப்பு. இந்த வட்டாரம் பட்டனுக்குப் பேர்போனது என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து போகிறேன். வழக்கமாக இரண்டு நாள்தான். சாம்பிள் பார்ப்பேன், விலை பேசுவேன், அட்வான்ஸ் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். இந்தத் தடவை ஒரு வாரம் சுற்றப் போகிறேன் என்று காலையில் எனக்கே தெரியாது.

எல்லாம் ஒரு காலண்டரால் வந்தது. பட்டன் முதலாளியின் அறையில் தேநீர் மேஜைக்கு மேலே மாட்டியிருந்தது. அக்டோபர் மாதப் பக்கத்தில் ஒரு வட்டத் தட்டின் படம். தட்டு முழுக்கப் பூ, இலை, அதற்குள் இரண்டு பறவைகள். ஒன்று தலைகீழாகப் பாய்கிறது, இன்னொன்று மேலே ஏறுகிறது, இரண்டும் ஒன்றையொன்று துரத்திச் சக்கரம் போல் சுற்றுகின்றன, இரண்டின் வாலும் தட்டின் விளிம்போடு வளைந்து போகிறது. எல்லாம் ஒரே கருப்பு நிறம், ஆனால் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிகிறது. மரத்தில் செதுக்கியது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பைனாகுலரோடு நஞ்சராயன் குளத்துக்கரையில் நிற்கிற ஆள் நான். அந்த நீள வாலைப் பார்த்ததும் வாய் தானாக "அரசவால்!" என்றது. குளிர்காலத்தில் நம் தோப்புகளுக்கு வருமே, அரசவால் ஈப்பிடிப்பான், அதேதான். முதலாளி போன் மொழிபெயர்ப்பில் பதில் சொன்னார்: அந்தப் பறவை 'ஷோவ்தாய்', ரிப்பன் பறவை என்று அர்த்தம். தட்டு மரச் செதுக்கல் கிடையாது, மரத்தின் பாலைப் பூசிப் பூசிக் கனமாக்கி அந்தக் கனத்தைச் செதுக்கியது. அறுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வேலையில் கொடிகட்டிப் பறந்த இரண்டு பேர் பக்கத்து ஊரான ஷீதாங்காரர்கள்.

பக்கத்து ஊர் என்றால் நான் ஒவ்வொரு வருஷமும் பட்டன் எடுக்கிற அதே ஷீதாங்.

படத்தை எங்கள் பறவை குரூப்பில் போட்டேன். ஐந்தே நிமிஷத்தில் கூட வருகிற தம்பியிடமிருந்து பதில். "அண்ணா, அரசவாலுக்கு அலகு சின்னதா, நேரா இருக்கும். இது கிளி மாதிரி வளைஞ்சிருக்குதுங்க. சந்தேகம்தான்." அவன் சொன்னது சரிதான். அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

நாள் 2, ஷீதாங்

கால்வாய்க் கரை நெடுக ஓட்டுக் கூரை போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. மழை பெய்தாலும் நனையாமல் ஊர் சுற்றலாம். ஒரு படகில் நீர்க்காகங்களை வரிசையாக உட்காரவைத்துச் சுற்றுலாக்காரர்களுக்கு மீன்பிடி வித்தை காட்டுகிறார்கள். கழுத்தில் கயிறு. எனக்குப் பிடிக்கவில்லை, நகர்ந்துவிட்டேன்.

பட்டனுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இந்த ஊரில் இருக்கிறது. சிப்பியில் வட்டம் வெட்டியெடுத்த பிறகு மிச்சமாகும் ஓட்டைச் சிப்பியைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது, எனக்குப் பாட்டன் பூட்டன் போட்டோவைப் பார்ப்பது மாதிரி. ஆனால் நேற்றிலிருந்து மனசு பட்டனில் இல்லை. நான் நடந்த தெருக்களில் செதுக்குத் தட்டின் சுவடு எதுவும் கண்ணில் படவில்லை. விசிறி, சீப்பு, இலையில் கட்டிய அரிசி உருண்டை, அதுதான் கடைக்குக் கடை. (அரிசி உருண்டைக்குள் பன்றிக்கறி இல்லாத சிவப்புப் பயறு வகையைக் கேட்டு வாங்கினேன். கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி.)

கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஜாங் செங், யாங் மாவ் என்று இரண்டு பேர். யுவான் வம்சத்தின் கடைசிக் காலம், அதாவது 14ஆம் நூற்றாண்டின் நடுவாக்கில் வாழ்ந்தவர்கள். தட்டின் அடியில் ஊசியால் கீறினாற்போல் 'ஜாங் செங் செய்தது' என்று மூன்றே எழுத்தில் கையெழுத்து. அந்தக் காலத்தில் பொருள் செய்தவன் பெயர் போடுவது எவ்வளவு அபூர்வம்! மிங் வம்சத்து யோங்லே பேரரசர் (ஆட்சி 1402 முதல் 1424 வரை) இவர்களின் புகழைக் கேட்டு ஆள் அனுப்பியபோது இருவருமே செத்துப் போயிருந்தார்கள். ஜாங் செங்கின் மகன் ஜாங் தேகாங் வந்தார், கைவேலையைக் காட்டினார், அரண்மனையில் பதவி கிடைத்தது. இது ஜியாஷிங் வட்டாரப் பதிவேட்டில் இருக்கிற கதை.

இதைவிட எனக்குப் பிடித்தது ஜப்பான் கதை. இந்தத் தட்டுகளும் டப்பாக்களும் அங்கே கோயில்களிலும் தேநீர் விருந்துகளிலும் பொக்கிஷமாகப் போற்றப்பட்டன. அங்கிருந்த ஒரு கைவினைக் குடும்பம் யாங் மாவின் பெயரிலிருந்து ஓர் எழுத்து, ஜாங் செங்கின் பெயரிலிருந்து ஓர் எழுத்து எடுத்துச் சேர்த்து 'யோசெய்' என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக அதே வேலையைச் செய்தது. ஷீதாங்காரர்கள் இருவர் கடல் தாண்டி ஒரே பெயராக ஒட்டிப்போனார்கள்.

சாயங்காலம் கால்வாய் ஓரத்து மரத்தில் ஒரு ஜோடி கொண்டைக்குருவி. நம் ஊர் சின்னான் போலத்தான் கத்தல், ஆனால் பின்மண்டையில் மட்டும் வெள்ளை அடித்தது மாதிரி ஒரு பட்டை. சீனத்தில் இதற்கு 'வெள்ளைத் தலைக் கிழவர்' என்று பெயராம். ஜோடியாகப் பியோனிப் பூவோடு செதுக்கினால் 'தலை நரைக்கும்வரை செல்வத்தோடு சேர்ந்து வாழ்க' என்று வாழ்த்து. பியோனிதான் செல்வம், வெள்ளைத் தலைதான் வயசு. கல்யாணப் பரிசுக்கு ஆயிற்று.

நாள் 3, சூஜோ

மழை. அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு செய்யாமல் போனது என் தப்பு, வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் சியான்லோங் பேரரசருக்கு வேண்டிய செதுக்கு டப்பாக்கள் இந்த ஊரில்தான் செய்யப்பட்டு பெய்ஜிங்குக்குப் போயின. அதைத் தாண்டி இன்று எழுத எதுவும் இல்லை. கால் செருப்பு அறுந்தது.

ஓ, ஒன்று இருக்கிறது. பட்டன் முதலாளி இரவு போன் செய்தார். பெய்ஜிங் புறநகரில் அவருக்குத் தெரிந்தவர் வழியாக ஒரு பட்டறையில் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறாராம், போகிறாயா என்றார். வீட்டுக்குப் போன் போட்டேன். "பட்டன் வாங்கப் போனீங்களா, பறவை பாக்கப் போனீங்களா?" என்று கேட்டாள். "ரெண்டும்தான்" என்றேன்.

நாள் 4, ரயிலில்

சூஜோ வடக்கிலிருந்து பெய்ஜிங் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஜன்னலில் தட்டையான வயல், தட்டையான வயல், அப்புறமும் தட்டையான வயல்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். இதையெல்லாம் தமிழில் அரக்கு வேலைப்பாடு என்று எழுதுகிறோம், ஆனால் நம் அரக்கு பூச்சி தருவது. கிளையில் ஒட்டி வாழும் குட்டிப் பூச்சி சுரக்கிற பிசின். சீனத்துச் சங்கதி வேறு. அது ஒரு மரத்தின் பால், ரப்பர் மாதிரி பட்டையைக் கீறி வடிப்பது. இங்கிலீஷ்காரன் நம் 'லாக்'கிலிருந்து லாக்கர் என்ற சொல்லை எடுத்து இதற்கும் போட்டுவிட்டான், நாமும் அதையே திரும்ப அரக்கு என்று மொழிபெயர்க்கிறோம். அந்தப் பாலுக்குச் சீனத்தில் பெயர் 'ச்சீ'. நேற்று ஓட்டல் பையனிடம் இதைச் சொல்லிக் காட்டும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கட்டுரையில் நான் பால் என்றே எழுதுகிறேன், ச்சீ ச்சீ என்று எழுதிக்கொண்டிருக்க முடியாது.

ரயிலில் படித்ததில் நிமிர்ந்து உட்கார வைத்தது ஒன்று. இதே யோங்லே பேரரசர்தான் கடற்படைத் தளபதி ஜெங் ஹேயைக் கப்பல்களோடு அனுப்பியவர். இலங்கையின் காலியில் 1911ல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு பற்றித் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் வெட்டியது, 1409ஆம் ஆண்டு தேதியிட்டது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சீனப் பகுதியில் கோயிலுக்குக் கொடுத்த காணிக்கைப் பட்டியலில் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் இவற்றோடு 'சிவப்புப் பால் பூசிப் பொன் கீறிய ஊதுவத்தி டப்பா ஐந்து' என்று வருகிறது. செதுக்கு வேலை கிடையாது, மேலே கோடு கீறிப் பொன் நிரப்புகிற வேறு வகை. இருந்தாலும் அதே மரத்தின் பால், அதே அரசர். 1403ல் ஜப்பானுக்கு அவர் அனுப்பிய பரிசுகளில் செதுக்கியவை மட்டும் 58 உருப்படி. ஒரு டப்பா செய்யவே வருஷக் கணக்காகும் என்றால், அந்த 58ஐயும் ஆட்சிக்கு வந்த கையோடு எங்கிருந்து பிடித்தார்? ஏற்கெனவே செய்து இருந்தவற்றைத்தான் எடுத்து அனுப்பியிருக்க வேண்டும். ஆர்டர் எடுத்து டெலிவரி கொடுக்கிறவனுக்குத்தான் இந்தக் கணக்கு உறைக்கும்.

நாள் 5, பெய்ஜிங், பட்டறை

பட்டறை என்றால் பெரிய கற்பனை வேண்டாம். அபார்ட்மென்ட் மாதிரிக் கட்டடத்தின் தரைத்தளம், மூன்று அறை, ஐந்து பேர். உள்ளே நுழைந்ததும் ஒரு புளிப்பு வாடை, ஊறுகாய் ஜாடியைத் திறந்தது மாதிரி.

முதல் அறையில் பூச்சு. செப்புத் தகட்டால் செய்த டப்பாவின் மேல் ஒரு பெண்மணி தூரிகையால் சிவப்புப் பால் பூசிக்கொண்டிருந்தார். சிவப்பு நிறம் சாதிலிங்கம், நம் சித்த மருந்துக்காரர்கள் சொல்கிற அதே பாதரசக் கல். ஒரு பூச்சு காகிதத்தை விட மெலிது. காய்ந்ததும் அடுத்தது, அது காய்ந்ததும் அதற்கடுத்தது. ஒரு மில்லிமீட்டர் கனம் வருவதற்குள் பதினைந்து இருபது பூச்சு ஆகிவிடும், பொருளைப் பொறுத்து நூற்றுக்கு மேலும் போகும். பூசி முடிக்கவே மாதக் கணக்கு.

காய்கிற விஷயத்தில்தான் நான் ஏமாந்தேன். எங்கள் ஊரில் சாயம் போட்ட துணி காய வேண்டுமென்றால் வெயில், இல்லாவிட்டால் டிரையர். இங்கே காய வைக்கிற அறைக்குள் தரையில் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள்! இந்தப் பால் தண்ணீர் வற்றிக் காய்கிற சரக்கு கிடையாது. அதற்குள் இருக்கிற ஒரு நொதி காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துப் பாலைக் கெட்டியாக்குகிறது, அதற்குக் காற்றில் ஈரமும் இளஞ்சூடும் வேண்டும். வறண்ட இடத்தில் வைத்தால் நாள் கணக்கில் பிசுபிசுவென்றே இருக்குமாம். பெய்ஜிங் காற்றோ வறட்டுக் காற்று. அதனால்தான் வாளியும் ஈரத்துணியும்.

இரண்டாவது அறையில்தான் நான் இரண்டு மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஒருவர், மாஸ்டர் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள், உள்ளங்கை அளவு டப்பா மூடியில் பறவையின் இறக்கையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். செதுக்கும் பக்குவத்தில் பால் முழுக்க இறுகியிருக்கக் கூடாது. கெட்டியான பனங்கருப்பட்டியை நகத்தால் கீறினால் வருமே, அந்தப் பதம். இங்கே பாலோடு காய்ச்சிய எண்ணெயும் சேர்க்கிறார்கள், அந்தப் பதம் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்க. முழுக்க இறுகிவிட்டால் கத்தி வழுக்கும், ஓரம் தெறிக்கும். அதனால் வேலையை ஆறப்போட முடியாது.

கத்தி சின்னது, முனை வளைந்தது, தன்னை நோக்கி இழுத்து வெட்டுகிறார். முதலில் இறகின் ஓரத்தைச் செங்குத்தாக ஒரு கீறு. அப்புறம் பக்கவாட்டிலிருந்து சரிவாக ஒரு இழுப்பு, மிளகாய்த் தோல் மாதிரி ஒரு சிவப்புச் சுருள் எழும்பி வருகிறது. அதை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த இறகு. நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு நிமிஷத்துக்கு நாலு வெட்டு, சில சமயம் மூன்று. இறக்கையின் கீழ் விளிம்பை உள்பக்கமாகக் குடைந்து எடுத்ததும் அது தரையிலிருந்து எழும்பி நிற்கிற மாதிரி நிழல் விழுந்தது. பூச்சுக்கு நடுவே எங்கேயோ ஒரே ஒரு கருப்புப் பூச்சு கொடுத்து வைத்திருக்கிறார்கள். கத்தி ஆழமாகப் போகப் போக அந்தக் கருப்பு மயிரிழைக் கோடாகத் தெரியும், இன்னும் எவ்வளவு ஆழம் மிச்சம் என்பதற்கு அடையாளம். பழைய தட்டுகளிலும் இந்தக் கோடு உண்டு. தெரிந்த பிறகு எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கண் அங்கேதான் போகிறது.

தப்பு வெட்டு விழுந்தால்? போனை நீட்டிக் கேட்டேன். மாஸ்டர் சிரித்துவிட்டு, இன்னொரு மூடியை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு பூவின் மேல் வண்டு உட்கார்ந்திருந்தது. "முதலில் அங்கே இதழ் இருந்தது" என்றார்.

அப்புறம் என் கேள்வி. காலண்டர் படத்தைக் காட்டினேன். இது எந்தப் பறவை? ஷோவ்தாய் என்றார். அது தெரியும், ஆனால் அலகு ஒத்துப்போகவில்லையே, அரசவாலா, சிவப்பு அலகுள்ள அந்த நீள வால் நீல மேக்பையா (காக்கை இனம்)? போனில் இரண்டின் போட்டோவையும் காட்டினேன். மேக்பைக்கு அலகு கொஞ்சம் ஒத்துவருகிறது, தலை வரவில்லை. மனுஷன் இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். பறவையைப் பார்ப்பவர் மாதிரித் தெரியவில்லை, துணி வாங்க வந்தவர் மாதிரி. 'ஷோவ்' என்ற சத்தத்தில் நீண்ட ஆயுளுக்கும் ஒரு சொல் இருக்கிறது, அதற்காகத்தான் அந்தப் பறவை என்றார். சரி, வால் எவ்வளவு நீளம் வைப்பீர்கள்? "தட்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவு."

பேச்சு அதோடு முடிந்தது. அவர் மறுபடி இறக்கைக்குப் போய்விட்டார்.

தட்டுக்கேற்ற வால். நான் இத்தனை நாளும் கேள்வியைத் தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேனோ என்று தோன்றியது. அதே சமயம் ஒரு சின்ன முரண்டு: காலண்டர் தட்டைச் செய்தவன் அந்தப் பறவையை உயிரோடு பார்க்காமலே செய்திருக்க முடியாது. இறக்கை மடங்கும் இடத்தில் சின்னச் செதில் இறகு எங்கே முடிகிறது, நீள இறகு எங்கே தொடங்குகிறது என்பது தப்பில்லாமல் இருக்கிறது. அலகை மட்டும் எங்கிருந்தோ இரவல் வாங்கிவிட்டான்.

கிளம்பும்போது மேஜையில் வழிந்திருந்த ஒரு சொட்டைத் துடைக்கப் போனேன். ஐந்து பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அதற்குள் மணிக்கட்டில் பட்டுவிட்டது.

நாள் 6, அரண்மனை

மணிக்கட்டு சிவந்திருக்கிறது. அரிப்பு. இந்த மரம் மா, முந்திரி, சேங்கொட்டை இவற்றின் குடும்பம். சின்ன வயசில் மாங்காய்ப் பால் கன்னத்தில் பட்டுத் தோல் உரிந்தவர்களுக்குப் புரியும், அதன் பெரியண்ணன் இது. சேங்கொட்டை பட்டால் புண்ணாகும் என்று எங்கள் ஆத்தா எட்டியே நிற்பார். பால் கெட்டியாகிவிட்டால் அது பூசிய பாத்திரத்தில் சாப்பிடலாம், ஒன்றும் செய்யாது.

அரண்மனை என்றால் பெய்ஜிங்கில் பேரரசர்கள் வாழ்ந்த பழைய அரண்மனை, இப்போது அருங்காட்சியகம். கடவுச்சீட்டு எண் கொடுத்து முன்பதிவு. சூஜோவில் பட்ட பாடு போதும். அக்டோபர் வரை 60 யுவான், நவம்பரிலிருந்து 40. தெற்கு வாசலில் நுழைந்தால் வடக்கு வாசலிலோ கிழக்கு வாசலிலோதான் வெளியேற வேண்டும். கோடையில் இந்தக் கூரைகளில் கூடு கட்டும் உழவாரன்கள் இந்நேரம் ஆப்பிரிக்காவின் தென்கோடிக்குப் பறந்திருக்கும், அந்த வருத்தம் எனக்கு. நீலவால் மேக்பைகள் மட்டும் கூட்டமாக சைப்ரஸ் மரங்களில் கலாட்டா செய்துகொண்டிருந்தன.

இங்கே இருப்பவை 18 லட்சம் உருப்படிகளுக்கு மேல், காட்சிக்கு வைப்பது அதில் ஒரு துளி. ஜாங் செங்கின் புகழ்பெற்ற கார்டீனியாத் தட்டு இந்த அரண்மனைச் சேகரத்தில்தான் இருக்கிறது. நான் போன அன்று கண்ணில் படவில்லை, கடையில் வாங்கிய புத்தகத்தில்தான் பார்த்தேன். பறவை கிடையாது, பூ மட்டும். ஒரே ஒரு பெரிய பூ தட்டு முழுக்க விரிந்திருக்கிறது, அடுக்கு நந்தியாவட்டை மாதிரி, சுற்றிலும் மொட்டுகள். இவ்வளவு சாதாரண விஷயத்தில் இவ்வளவு ஆழம் எப்படி வந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இதழின் நுனி மடிகிற இடத்தில் கத்தி போன தடமே இல்லை. செதுக்கிய பிறகு தேய்த்துத் தேய்த்து ஓரங்களை மழுக்கியிருக்கிறார்கள். மிங் காலத்தில் ஹுவாங் செங் என்பவர் இந்தத் தொழிலுக்கு ஒரு நூல் எழுதினார், 1625ல் யாங் மிங் அதற்கு உரை எழுதினார். சீனாவின் பழைய நூல்களில் இந்தத் தொழிலுக்கென்று தப்பிப் பிழைத்தது அது ஒன்றுதான், அதுவும் ஜப்பானில் கிடந்த கைப்படியிலிருந்து 1927ல் மறுபடி அச்சேறியது. நல்ல செதுக்கு என்றால் கத்தி முனை ஒளிந்திருக்க வேண்டும் என்கிறது அந்த நூல்.

கண்ணாடிப் பெட்டியில் நேரில் பார்த்தது இரண்டு. ஒன்று யோங்லே காலப் பியோனித் தட்டு. பூக்களுக்கு அடியில் மஞ்சள் தரை வெறுமையாக, வழவழவென்று. அதே ஓரம் மழுக்கிய தேய்ப்பு, வெண்ணெயில் செய்தது மாதிரி. பக்கத்தில் சியான்லோங் காலத்து டப்பா. எல்லா இடத்திலும் சின்னச் சின்னக் கட்டம், ஒரு நகம் வைக்க இடமில்லாமல் நுணுக்கம், ஓரமெல்லாம் கூர்மை. கூட்டம் அங்கேதான் நின்றது. எனக்கு முதலாவதுதான். இரண்டாவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

யோங்லே தட்டு என்றால் அடிப்பக்கம் விளிம்போரமாக ஊசிக் கீறலாக ஆட்சிப் பெயர் இருக்கும். பிற்பாடு வந்த ஷுவாந்தே பேரரசர் காலத்தில் கத்தியால் வெட்டிப் பொன் நிரப்பினார்கள். பழைய யோங்லே பெயரின் மேலேயே ஷுவாந்தே பெயரை ஏற்றிய உருப்படிகளும் உண்டு. பழைய ஸ்டாக்கில் புது லேபிள் ஒட்டுவது. தொழில் ரகசியம், நான் எதுவும் சொல்லவில்லை.

நாள் 7, சந்தை, விமான நிலையம்

மணிக்கட்டில் கொப்புளம். மருந்துக் கடைப் பெண் பார்த்ததுமே 'ச்சீ' என்றார். திட்டுகிறாரோ என்று ஒரு நொடி திகைத்துவிட்டேன்.

ஒரு பழம்பொருள் சந்தைக்குப் போனேன், பெயர் வேண்டாம். சிவப்புச் செதுக்கு டப்பா, மூடியில் நாரையும் தாமரையும். நாரைக்குச் சீனத்தில் 'லூ', பாதைக்கும் 'லூ'. தாமரை 'லியான்', தொடர்ச்சிக்கும் 'லியான்'. ஒரே பாதையில் அடுத்தடுத்த பரீட்சைகளில் தேறுக என்று பிள்ளைகளுக்கு வாழ்த்து. குரூப் தேர்வுக்குப் படிக்கிற அக்கா மகனுக்குப் பொருத்தம் என்று கையில் எடுத்தேன். "சியான்லோங் காலம், எண்ணூறு யுவான்" என்றார் கடைக்காரர், முகத்தில் ஒரு அசைவில்லாமல்.

மூடியின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினேன். ஒரு மெல்லிய வரப்பு. இருபது வருஷமாக அந்த வரப்பைத் தடவித்தான் சாம்பிளைத் தள்ளிவிடுகிறேன், அச்சின் இரண்டு பாதி சேருகிற இடத்தில் பிதுங்குகிற கோடு. ரெசின். நாரையின் இறக்கைக்கு அடியில் குடைவும் இல்லை, அச்சிலிருந்து எடுக்க வேண்டுமே, குடைவு இருந்தால் மாட்டிக்கொள்ளும். வெட்டிய பக்கத்தில் பூச்சு அடுக்கும் தெரியவில்லை, ஒரே மொத்தைச் சிவப்பு. என் பட்டனுக்கு அண்ணன். சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். முப்பது யுவானுக்கு வாங்கினேன், ரெசின் என்று தெரிந்தே. அச்சு வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

நிஜமான ஒன்றும் கையில் இருக்கிறது. பட்டறையில் தரையிலிருந்து பொறுக்கிய நாலைந்து சிவப்புச் சுருள், பட்டன் சாம்பிள் போடுகிற பிளாஸ்டிக் உறைக்குள். மாஸ்டரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

விமான நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது தம்பியிடமிருந்து செய்தி. "அண்ணா, வந்திருச்சு. நம்ம குளத்தாங்கரை வேப்பமரத்துல. வெள்ளை ஆண்." கூடவே ஒரு போட்டோ. கருப்புக் கொண்டை, நீலக்கருப்புத் தலை, சின்ன நேரான அலகு, பால் வெள்ளை உடம்பு, எல்லாம் துல்லியமாக வந்திருக்கிறது. வால் மட்டும் பிரேமுக்கு வெளியே போய்விட்டது.

பெரிய தட்டாக எடுடா என்று பதில் போட்டேன். அவனுக்குப் புரியவில்லை.